பூம்புகாரில் நின்றான், இருந்தான், கிடந்தான்: ஒரு முன்னாய்வு

மனிதக் கை படாத இயற்கையைத் தேடிக் கேமராவும் முக்காலியுமாக விடியற்காலையில் பூம்புகாருக்கு வருவோரை இதுகாறும் எந்த அறிஞரும் வகைப்படுத்தாதது தமிழ் ஆய்வுலகுக்கு நேர்ந்த இழுக்காகும். கல்லணை கட்டிய நாள்தொட்டு வாய்க்கால் வெட்டி, வரப்புப் போட்டு, சாண் விடாமல் மனிதன் புழங்கிய காவிரிப் படுகையில் கை படாத இயற்கை எங்கே இருக்கிறது என்று சிலர் கேட்கலாம். கேமராவுக்குள் இருக்கிறது என்பதே இக்கட்டுரையின் துணிபு.

திணை, நெய்தல். கருப்பொருள், முக்காலி, ஃபில்டர், தீர்ந்துபோன பேட்டரி. பொழுதில்தான் சிக்கல். சூரியன் சாயும் எற்பாட்டை நெய்தலுக்குச் சொல்லிவைத்தார்கள் இலக்கணத்தார். இங்கோ மாலைச் சூரியன் வயற்காட்டுப் பக்கம் இறங்கிவிடுவதால் எல்லோரும் காலையில் வருகிறார்கள். அதிலும் நம் கடிகாரம் 82.5 பாகைத் தீர்க்கக் கோட்டுக்கு ஓடுவது. ஊர் அதற்கு மேற்கே இரண்டரைப் பாகைக்கு மேல் தள்ளி இருப்பதால் சூரியன் பத்து நிமிடம் பிந்தித்தான் எழும். அந்தப் பத்து நிமிடமும் டீக்கடைக்காரர் கணக்கில் சேரும் (காண்க: டீக்கடை பெஞ்சு, இடது ஓரம்). உரிப்பொருள் இரங்கல் என்பதில் மட்டும் தொல்காப்பியத்திலிருந்து மாற்றமில்லை: "மேகம் மறைச்சிடுச்சுப்பா."

இனி வகைகள். பக்கத்திலேயே பெருமாள் நின்றும் இருந்தும் கிடந்தும் காட்சி தரும் திருநாங்கூர்த் திருப்பதிகள் பதினொன்று இருக்க, பகுப்புக்கு வேறெங்கும் அலைய வேண்டியதில்லை.

நின்றான்: செல்போன்காரன். ஆய்வுக்குரியவன் அல்லன்.

இருந்தான்: அலையைத் தடுக்கக் கொட்டிய கருங்கல் ஒன்றின்மேல் அமர்பவன். தான் உட்கார்ந்திருக்கும் கல் படத்தில் விழுந்துவிடக் கூடாதே என்பது இவன் கவலை. முதுகுக்குப் பின்னால் 1973-இல் எழுந்த சிலப்பதிகாரக் கலைக்கூடம் ஏழு நிலையோடு நிற்கிறது; திரும்பினால் தவம் கலையும்.

கிடந்தான்: இவனே இவ்வாய்வின் உயிர்நாடி. காவிரி கடலில் கலப்பதைப் பிரம்மாண்டமாக எடுத்தே தீர வேண்டும் இவனுக்கு. மேட்டூரில் புறப்பட்ட தண்ணீரோ கொள்ளிடத்துக்கும் வெண்ணாற்றுக்கும் கல்லணைக் கால்வாய்க்கும் பங்கு கொடுத்து, வழியெல்லாம் வயலுக்கு வார்த்து, சங்கமுகத்துக்கு வந்து சேர்கையில் கோடையில் கணுக்காலை நனைத்தாலே பெரிது. ஆகவே இவன் ஈர மணலில் குப்புறக் கிடக்கிறான். முழங்கை இரண்டும் புதைய, சட்டைப் பித்தான் இடுக்குகளில் மணல் ஏற, லென்ஸைத் தண்ணீருக்கு இரண்டு விரற்கடை மேலே பிடிக்கிறான். அவ்வளவு தாழப் பார்த்தால் நீர் தன் அடிச்சேற்றைக் காட்டாது; வானத்தை மட்டுமே திருப்பிக் காட்டும். கணுக்கால் தண்ணீர் சமுத்திரமாகிவிடும். ஃபில்டர் மாட்டி அரை நிமிடம் ஷட்டரைத் திறந்துவைத்தால் அலை புகையாகும்; நடுவே நடந்துபோன ஆள் படத்தில் இல்லாமலே போவார் (வடை மடித்த தாள், பின்பக்கம், எண்ணெய் ஊறாத ஓரம்).

கிடக்கும்போது வலக் கன்னம் மணலில் பட வேண்டும் என்பர் ஒரு சாரார். திரையை மடக்கிப் பார்க்கும் கேமரா வந்தபின் கிடக்கவே தேவையில்லை, தேவையின்றிக் கிடப்பதே உத்தமக் கிடப்பு என்பர் மறுசாரார் (அதே தாள், மடிப்புக்குக் கீழ், 'ஆ' பிரதியில் மிளகாய்த் துண்டு ஒட்டியதால் இவ்வரி சிதைவு. ஒட்டியது மிளகாய் அன்று, இஞ்சியே என நிறுவி முனைவர் பட்டம் பெற்றவரின் பாடத்தை இங்கே தழுவினோம்).

கரைக்கு அப்பால் 23 மீட்டர் ஆழத்தில் லாட வடிவில் ஏதோ கிடப்பதாகத் தேசியக் கடலியல் நிறுவனத்தார் 1990-களில் முங்கிப் பார்த்துச் சொன்னார்கள். அதுவும் கிடந்த கோலமே. அதன்மேல் ஏறிய கட்டுரைகளை அடுக்கினால் கடல்மட்டத்துக்கு மேலே வந்துவிடும். கேமராக்காரன் கணினியில் சூரியனுக்கு நிறம் கூட்டுகிறான். நம் அறிஞர்கள் மாநாட்டுக்கு மாநாடு ஊருக்கு வயது கூட்டுகிறார்கள். முன்னவனாவது அசலை ஒரு கார்டில் பத்திரமாக வைத்திருக்கிறான்.

படம் முடிந்து எழுந்த கிடந்தான் ஒருவன், ஃபைபர் படகோரம் வலை பார்த்துக்கொண்டிருந்த பெரியவரிடம் அதைக் காட்டினான். அவர் வெயிலைக் கையால் மறைத்துப் பார்த்துவிட்டு, "நல்லாருக்கு தம்பி. எந்த ஊருல எடுத்தது?" என்றார். கள ஆய்வில் கிடைத்த இவ்வினா மேற்கண்ட வகைப்பாட்டுக்குள் அடங்காததால் பின்னிணைப்பிலும் சேர்க்கப்படவில்லை.