சீட்டு விழுந்தவர்

கடன் அட்டையில் ஏறக்குறைய 800 டாலர் பிடித்துவிட்டார்கள் என்று கைபேசி சொன்னதும், ஆத்திரப்படாமல் ஆனந்தக் கூச்சல் போடுகிற ஆட்கள் உலகத்தில் குறைவு. கொலராடோ மாநிலத்தில் எல்க் மான் வேட்டைக்கு விண்ணப்பம் போட்டுவிட்டுக் காத்திருக்கும் வெளிமாநிலத்துக்காரர்கள் அந்தச் சிலரில் சேர்த்தி. குலுக்கலில் பெயர் விழுந்தவரிடம்தான் இந்தத் தொகையைப் பிடிப்பார்கள். அதனால் மே மாதக் கடைசியில் இவர்கள் வங்கிக் கணக்கைத் திறந்து திறந்து பார்ப்பார்கள், இருப்பு குறைந்திருக்காதா என்ற ஏக்கத்தோடு.

நம்மவருக்கு இந்த முறை விழுந்துவிட்டது. நம்மவர் என்றால் சிகாகோ புறநகர்வாசி, நாற்பதைத் தாண்டியவர், குளிரூட்டிய அறையில் கணினி முன்னால் சம்பாதிப்பவர். அவருக்கு வேட்டை புதிதல்ல. இல்லினாய் சோளக்காட்டு ஓரம் மரத்தில் பரண் கட்டி, பிளாஸ்கில் காப்பியோடு உட்கார்ந்து, வெண்வால் மான் தானாக நடந்துவரக் காத்திருப்பதில் அவர் சூரர். எல்க் வேறு சங்கதி. நம் மிளாவுக்கு அண்ணன் முறை அது. வளர்ந்த ஆண் 300 கிலோவைச் சாதாரணமாகத் தாண்டும். குடியிருப்பதோ ராக்கி மலையில், 3,000 மீட்டர் உயரத்தில். பரணுக்கு அடியில் வந்து நிற்கிற பழக்கம் அதற்குக் கிடையாது.

இந்தச் சீட்டு சும்மா விழுவதில்லை. ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் தொடக்கத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். முதல் விருப்பமாகக் கேட்டது கிடைக்காவிட்டால் ஒரு முன்னுரிமைப் புள்ளி தருவார்கள். தோற்கத் தோற்கப் புள்ளி ஏறும். மாநிலத்தின் வடமேற்கு மூலையில் 2, 10, 201 என்று எண் போட்ட வேட்டைப் பகுதிகளுக்கு இருபது புள்ளிக்கு மேலேயே வேண்டியிருக்கிறது. கல்யாணத்துக்கு முன் விண்ணப்பம் போட ஆரம்பித்தவர், முழங்கால் அறுவைச் சிகிச்சை முடிந்த பிறகு துப்பாக்கியோடு மலை ஏறலாம். நம்மவர் அவ்வளவு பெரிய இடத்துக்கு ஆசைப்படவில்லை. நடுத்தரப் பகுதி ஒன்றுக்கு, அக்டோபர் நடுவில் வரும் முதல் துப்பாக்கிப் பருவத்துக்குப் போட்டார். அந்தப் பருவம் மொத்தம் ஐந்து நாள். ஜூன் தொடங்கி நாலரை மாதம் தயாரிப்பு, ஐந்து நாள் வேட்டை. நம்மூர்க் கல்யாணங்களின் கணக்கும் ஏறக்குறைய இதுதான் என்பதால் நான் குறை சொல்ல மாட்டேன்.

முதல் மாற்றம் பேச்சில் தெரியும். ஊர்ப் பெயர் எதுவும் இனி அவர் வாயில் வராது, பகுதி எண்தான். செயற்கைக்கோள் வரைபடத்தில் பொதுநிலம் எது, தனியார் பண்ணை எது என்று நிறம் பிரித்துக் காட்டும் செயலி ஒன்றுக்குச் சந்தா கட்டியாகிவிட்டது. இரவு பதினொரு மணிக்குப் போர்வைக்குள் வெளிச்சம் தெரிந்தால் மனைவி சந்தேகப்படுவதில்லை, ஏதோ பள்ளத்தாக்கைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று அவருக்குத் தெரியும். சமையலறையில் தண்ணீர் கசிகிறது என்று சொன்னார் ஒருநாள். "வடக்குப் பார்த்த சரிவிலா?" என்று கேட்டுவிட்டார் நம்மவர்.

அடுத்தது கடை. துப்பாக்கி ஏற்கெனவே ஒன்று இருக்கிறது, 30-06. அமெரிக்க ராணுவம் 1906-ல் ஏற்றுக்கொண்ட தோட்டா வகை. நூறு ஆண்டுக்கு மேலாக எல்க் மான்கள் அதற்கு விழுந்துகொண்டுதான் இருக்கின்றன. ஆனால் நம்மவர் படித்த அளவுக்கு அந்த மான்கள் படித்திருக்கவில்லை. 6.5 கிரீட்மூர் போதும் என்கிறது ஒரு கட்சி. 300 வின்செஸ்டர் மேக்னம் இல்லாமல் மலைப்பக்கம் தலைவைத்துப் படுக்காதே என்கிறது இன்னொரு கட்சி. இரு தரப்பு வாதங்களையும் ஒரு மாதம் கேட்டு, கடைசியில் மேக்னத்தை வாங்கினார். அது தோளில் உதைத்த உதையில் அடுத்த தோட்டாவுக்கு முன்பே கண்ணை மூடிக்கொள்ளும் பழக்கம் வந்துவிட்டது. கண்ணை மூடிச் சுடுகிறவருக்குப் பெரிய தோட்டா என்ன, பீரங்கி கொடுத்தாலும் பயனில்லை.

பிறகு உடை. பாறை, புல், நிழல் எல்லாவற்றோடும் கலந்துவிடும் என்று விளம்பரம் செய்யப்பட்ட சட்டை, கால்சட்டை, மேலங்கி, தொப்பி. மெரினோ கம்பளி உள்ளாடை தனி. உள்ளாடை ஏன் புள்ளி புள்ளியாக மறைவேஷத்தில் இருக்க வேண்டும், அதை எந்த மான் பார்க்கப்போகிறது என்று நான் கேட்க நினைத்துக் கேட்கவில்லை. ஆயிரம் டாலருக்கு மேல் ஆயிற்று. எல்லாம் வந்து சேர்ந்த பிறகு விதிப்புத்தகத்தைப் பிரித்தார். துப்பாக்கிப் பருவத்தில் வேட்டையாடுகிறவர் இடுப்புக்கு மேல் எல்லா உடைக்கும் வெளியே 500 சதுர அங்குலம் பளீரென்ற ஆரஞ்சு நிறம் அணிய வேண்டும், தலையிலும் அதே நிறம் வேண்டும் என்பது கொலராடோ சட்டம். மற்ற வேட்டைக்காரர்கள் இவரை மான் என்று எண்ணிச் சுடாமல் இருக்க இந்த ஏற்பாடு. ஆரஞ்சு பிடிக்காவிட்டால் பளீர் இளஞ்சிவப்பு அணியலாம், 2016 முதல் அதற்கும் அனுமதி உண்டு. ஆக, ஆயிரம் டாலர் மறைவேஷத்தின் மேல் இருபது டாலர் ஆரஞ்சு மேல்சட்டை. எல்க் கண்ணுக்கு ஆரஞ்சு நம் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி பளிச்சென்று தெரியாது என்பதால் நஷ்டம் பணத்தோடு போயிற்று.

இந்தச் செலவைப் பார்த்து முழுதாகச் சிரிக்கவும் முடியாது. அமெரிக்காவில் வேட்டைத் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் தயாரிப்பாளரிடமே 11 சதவீத வரி பிடித்து, அதைக் காட்டுயிர்ப் பாதுகாப்புக்கென்று மாநிலங்களுக்குப் பிரித்துக் கொடுக்கிறார்கள். 1937-ல் வந்த பிட்மன்-ராபர்ட்சன் சட்டம் அது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொலராடோவில் எல்க் ஏறக்குறைய துடைத்தெடுக்கப்பட்டிருந்தது. எஸ்டெஸ் பார்க் என்ற ஊர்ப் பக்கம் 1913, 1914 ஆண்டுகளில் யெல்லோஸ்டோனிலிருந்து எல்க்குகளைப் பிடித்துவந்து விட்டார்கள். இன்று உலகிலேயே பெரிய எல்க் கூட்டம் இந்த மாநிலத்தில்தான், இரண்டரை லட்சத்துக்கு மேல். நம்மவரின் வீண்செலவில் ஒரு பகுதி புல்லாகவும் நீராகவும் அந்த மான்களுக்கே போய்ச் சேர்கிறது. அவரைப் பார்த்து மான்கள் சிரிக்காமல் இருப்பது நன்றியால் இருக்கலாம்.

உடற்பயிற்சிக்கு வருவோம். சிகாகோ புறநகரில் மலை கிடையாது. ஊரிலேயே உயரமான இடம் வணிக வளாகத்தின் பல மாடி வண்டி நிறுத்துமிடம். முதுகுப்பையில் 18 கிலோ உப்பு மூட்டை ஒன்றை (குழாய்த்தண்ணீரின் கடினத்தைப் போக்கப் போடும் உப்பு) வைத்துக் கட்டிக்கொண்டு, ஜூலை வெயிலில் அந்த மாடிப்படிகளில் ஏறி இறங்குகிறார். பிள்ளையை உப்பு மூட்டை தூக்க வேண்டிய வயதில் நிஜ உப்பு மூட்டையைத் தூக்குகிறார். காவலாளி இருமுறை விசாரித்துவிட்டு, மூன்றாம் முறை தண்ணீர் கொடுத்தார். எடை குறைய வேண்டும் என்று டைட்டானியக் கரண்டி வாங்கியவரும் இவர்தான். கரண்டியில் முப்பது கிராம் மிச்சம்.

சீழ்க்கைப் படலம் இதைவிடக் கொடுமை. அவ்வளவு பெரிய ஆண் எல்க் இணைசேரும் பருவத்தில் எழுப்பும் குரல், கீழிருந்து கிளம்பி, கீச்சென்று உச்சிக்குப் போய், உறுமலில் முடியும். அதைப் போலிசெய்ய அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும் ரப்பர்ச் சவ்வு ஒன்றும், கையில் பிடிக்க நீளக் குழாய் ஒன்றும் விற்கிறார்கள். சவ்வை வாயில் வைத்தால் முதல் வாரம் குமட்டல் மட்டும்தான் வரும். இரண்டாம் வாரம் சத்தம் வந்தது. காரில் அலுவலகம் போகும் வழியெல்லாம் பயிற்சி. சிக்னலில் பக்கத்து வண்டிக்காரர்கள் கண்ணாடியை ஏற்றிக்கொள்கிறார்கள். ஆகஸ்டில் ஏறக்குறைய தேர்ச்சி பெற்றுவிட்டார். எல்க் சீழ்க்கையடிக்கும் உச்சக்கட்டம் செப்டம்பரோடு முடிந்துவிடும், அக்டோபர் நடுவில் பெரும்பாலும் வாயை மூடிக்கொண்டு மேயும் என்பதை அதற்குப் பிறகுதான் யாரோ சொன்னார்கள்.

மணம் பற்றியும் ஒரு கொள்கை வகுத்திருக்கிறார். வாசனையில்லாத சோப்பு, வாசனையில்லாத துணித்தூள். வேட்டை உடைகள் மூடி போட்ட பெட்டியில் பைன் இலைகளோடு தனிக்குடித்தனம். வீட்டில் ஊதுவத்தி, தாளிப்பு எதுவும் அந்தப் பெட்டிப் பக்கம் வரக்கூடாது. கேரேஜ் அலமாரியில் பெண் எல்க்கின் மூத்திரம் ஒரு சிறு புட்டியில் இருக்கிறது, காசு கொடுத்து வாங்கியது. அந்தப் பக்கம் ஆண் எல்க்கோ சேற்றில் புரண்டு, தன் மூத்திரத்தைத் தன் வயிற்றிலேயே பீய்ச்சிக்கொண்டு மாப்பிள்ளைக் கோலத்தில் திரிகிறது. உண்மையில் தெரிந்துகொள்ள வேண்டியது நம் வாடையை மானிடம் கொண்டுபோகும் காற்றைத்தான். மலையில் விடியற்காலை குளிர்ந்த காற்று சரிவில் கீழே இறங்கும், வெயில் ஏறினால் காற்றும் மேலே ஏறும், சாயங்காலம் மறுபடி இறங்கும். இது தெரிந்தவன் பூண்டு தின்றுவிட்டும் வேட்டைக்குப் போகலாம். தெரியாதவனை எந்தச் சோப்பும் காப்பாற்றாது.

நடுநடுவே மைத்துனர் வெறுப்பேற்றுகிறார். எஸ்டெஸ் பார்க்குக்குச் சுற்றுலா போனவர், கையில் காப்பியோடு எடுத்த படம் ஒன்றை அனுப்பினார். கோல்ஃப் மைதானத்தில் கூட்டமாக எல்க் படுத்து அசைபோடுகிறது. "இதற்கா இவ்வளவு?" என்று கீழே ஒரு வரி.

வீட்டிலும் வரவேற்பு ஏற்பாடுகள் நடந்தன. பெரிய உறைபெட்டி ஒன்று ஜூலையிலேயே வந்து, மின்சாரம் கொடுத்து, வெறும் காற்றைக் குளிரவைத்துக்கொண்டிருக்கிறது. கூடத்துச் சுவரை நாடா வைத்து அளந்தார், கொம்போடு தலை மாட்ட இடம் போதுமா என்று. அந்த இடத்தில் இப்போது இருப்பது மாமனார், மாமியார் படம். கொலராடோவில் துப்பாக்கியோடு எல்க் தேடிப் போகிறவர்களில் ஐந்தில் ஒருவருக்குத்தான் தோராயமாகக் கிடைக்கிறது என்ற கணக்கை மனைவி எங்கோ படித்துவிட்டார். படத்தைக் கழற்றச் சம்மதம் இன்னும் வரவில்லை.

செப்டம்பர் கடைசியில், கொலராடோவிலேயே குடியிருக்கும் மனைவியின் மாமாவைத் தொலைபேசியில் பிடித்தார் நம்மவர். கிழவர் ஐம்பது ஆண்டாக எல்க் வேட்டைக்குப் போகிறவர். ஜீன்ஸ், பழைய கம்பளிச் சட்டை, சட்டத்துக்காக ஓர் ஆரஞ்சு மேல்சட்டை, அவ்வளவுதான் அவருடைய சீருடை. துப்பாக்கி என்ன, தொலைநோக்கி என்ன என்றெல்லாம் அவர் கேட்கவில்லை.

"சுட்ட பிறகு என்ன செய்வே?"

"போட்டோ எடுப்பேன், மாமா."

"அப்புறம்?"

நம்மவர் யோசித்தார். உறைபெட்டி தயார், சுவர் அளந்தாயிற்று. மலைக்கும் சுவருக்கும் நடுவில் நடக்க வேண்டியதைப் பற்றி மட்டும் நினைத்துப் பார்த்திருக்கவில்லை.

"வண்டியை விட்டு எவ்வளவு தூரம் போகப்போறே?"

"எட்டு கிலோமீட்டர். அங்கதான் கூட்டம் இருக்காது."

"கூட்டம் இருக்காது, சரிதான். தூக்க ஆளும் இருக்காதே."

கிழவர் கணக்குச் சொன்னார். எலும்பு நீக்கினாலும் ஒரு பெரிய ஆணில் 100 கிலோ அளவுக்கு இறைச்சி. நான்கு சப்பை, முதுகுத்தசை, உள்தசை எதையும் காட்டில் விட்டுவிட்டு வரக்கூடாது, விட்டால் குற்றம். ஆணா பெண்ணா என்பதற்கான அடையாளம் இறைச்சியோடு ஒட்டியிருக்க வேண்டும். உரிமச் சீட்டில் தேதி போட்டுக் கையெழுத்திட்டு அதை இறைச்சியோடு கட்ட வேண்டும். உடல் சூடு ஆறுவதற்குள் தோலை உரிக்காவிட்டால் அக்டோபர் குளிரிலும் கறி கெடும். ஓர் ஆள் ஒரு நடைக்கு முப்பது கிலோ தூக்கினால் நான்கு நடை. எட்டு கிலோமீட்டர் என்றால் போக வர மொத்தம் 56 கிலோமீட்டர், அதில் 32 சுமையோடு. நம்மவர் வரைபடத்தில் குறித்திருந்த இடம் காப்புவன எல்லைக்குள் வருகிறது. அங்கே 1964-ம் ஆண்டுச் சட்டப்படி மோட்டார் வண்டி மட்டுமல்ல, சக்கரம் வைத்த தள்ளுவண்டியும் கூடாது. வாடகைக்கு லாமா கிடைக்கும், ஒன்று முப்பது கிலோ சுமக்கும், ஆனால் இந்தப் பருவத்துக்கு எப்போதோ பதிவு முடிந்திருக்கும்.

"கத்தி எடுத்து வெச்சிருக்கியா?" என்றார் கடைசியாக.

எல்லாம் இருந்தது. கத்தி இல்லை.

அன்று ராத்திரியே வாங்கிவிட்டார். மறுநாளிலிருந்து அவர் கவனம் தோட்டாவை விட்டுத் தோழர்கள் பக்கம் திரும்பியிருக்கிறது. அலுவலகத்தில் யார் தோள் அகலமாக இருக்கிறது, யார் காலையில் ஓடப் போகிறார் என்று ஒரு பட்டியல் தயாராகிறது. பேச்சும் இனிமையாகிவிட்டது. "சும்மா வாங்களேன், மலைக்காற்று, நட்சத்திரம், கூடாரம், செலவெல்லாம் என்னுடையது" என்கிறார்.

சிகாகோப் பக்கம் வேலை பார்க்கும் தமிழ் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. அக்டோபர் நெருங்கும்போது நண்பர் யாராவது உங்கள் முதுகை வாஞ்சையோடு தட்டிக்கொடுத்து மலைக்கு அழைத்தால், இடுப்புவலி என்று சொல்லிவிடுங்கள். போயே தீருவேன் என்றால், முதுகுத்தசையில் இரண்டு கிலோ உங்களுக்கு என்று மலை ஏறுவதற்கு முன்பே பேசி முடித்துக்கொள்ளுங்கள். இறங்கிய பிறகு கேட்டால் கொத்துக்கறிதான் கிடைக்கும்.