படம் எப்படி சார்?

தமிழ்ப் படங்களைச் சென்னையில் எடுக்கிறார்கள் என்பது பாதி உண்மைதான். தலைமுறை தலைமுறையாக அவற்றின் போஸ்டர்கள் அச்சானது சிவகாசியில். எங்கள் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு அது பக்கத்து ஊர். ஆகவே இந்தத் தொழிலில் எனக்கும் ஒரு சிறு பங்கு உண்டு, பங்குதாரன் என்ற முறையில்தான் ஒவ்வொரு படத்தையும் பார்த்துக் கணக்குக் கேட்கிறேன் என்று ஒருநாள் வீட்டில் சொன்னேன். "அப்படியே லாபத்துலயும் ஒரு பங்கு கேட்டு வாங்கிட்டு வாங்க. பால்காரருக்குப் பாக்கி நிக்குது" என்றாள் என் மனைவி.

படம் பார்த்துவிட்டு அபிப்பிராயம் சொல்லாமல் என்னால் இருக்க முடியாது. இது பிறவிக் கோளாறு இல்லை, வளர்ப்புக் கோளாறு. வசந்தபாலன் விருதுநகர்க்காரர். அவருடைய 'வெயில்' (2006) படத்தில், பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுவிட்டு சினிமாவுக்குப் போன பையனை அப்பா அம்மணமாக வெயிலில் நிறுத்துவார். எங்கள் மாவட்டத்து வெயிலைத் தெரிந்தவர்களுக்கு அந்தக் காட்சியை விளக்க வேண்டியதில்லை. என் அப்பா அவ்வளவு கொடுமைக்காரர் இல்லை. முழுக் கதையையும் கேட்டுவிட்டுத்தான் அடிப்பார். கதை எவ்வளவு நீள்கிறதோ அடி அவ்வளவு தள்ளிப்போகும் என்பதைச் சீக்கிரமே கண்டுகொண்டேன். பாட்டு, சண்டை, கவுண்டமணி வந்த இடம், பக்கத்து சீட்டுக்காரர் இடையில் சொன்னது என்று ஒன்றையும் விடமாட்டேன். கேட்டபடியே அவர் தூங்கிப்போன ராத்திரிகள் உண்டு. இன்றைக்கும் பேச ஆரம்பித்தால் எனக்கு நிறுத்த வராது. நிறுத்தினால் முதுகில் விழும் என்றுதான் உடம்பு நினைத்துக்கொண்டிருக்கிறது.

வீட்டில் இதைக் கேட்க ஆள் இல்லை. என் மாமியாரைப் பொறுத்தவரை தமிழ் சினிமா 1968-இல் முடிந்துவிட்டது. 'திருமால் பெருமை'யில் சிவாஜி பெரியாழ்வாராகவும் கே.ஆர். விஜயா ஆண்டாளாகவும் வந்துவிட்டார்கள், இனி எதற்கு வீண் செலவு என்பது அவர் கட்சி. டிவியில் எங்கே கோபுரத்தைப் பார்த்தாலும், அது அரசு விளம்பரத்தின் மூலையில் இருக்கும் முத்திரையாகவே இருந்தாலும், "நம்ம ஊருப் படமா?" என்று கண்ணாடியைத் தேடுவார். மகனிடம் பேசலாம் என்றால் அவன் ட்ரைலரைப் பார்த்தே படத்துக்குத் தீர்ப்பு எழுதிவிடுகிற கோஷ்டி.

மனைவியிடம் நீளமாகப் பேச முடியாது. அவளுடைய விமர்சனம் ஒரே வரி. 1977-இல் 'ஆனந்த விகடன்' '16 வயதினிலே' படத்துக்கு 62.5 மதிப்பெண் போட்டது. யாரோ ஒருவர் 63-க்கு மன்றாடி, இன்னொருவர் 62-க்கு மேல் கிடையாது என்று கை விரித்து, கடைசியில் அந்த அரையில் சமாதானமாகியிருப்பார்கள் என்று நானாகக் கற்பனை செய்துகொண்டு, அந்தச் சண்டையில் நாம் இல்லாமல் போனோமே என்று ஏங்குகிறவன் நான். என் மனைவியிடம் அந்த அரைக்கெல்லாம் பேச்சே இல்லை. "பரவால்ல" என்றால் நல்ல படம். "ஏசி நல்லா இருந்துச்சு" என்றால் மோசமான படம். ஒன்றும் சொல்லாமல் அடுப்படிக்குப் போய்விட்டால் அந்தப் படத்துக்குக் கூட்டிக்கொண்டு போன நான்தான் விமர்சனத்துக்கு உரிய பொருள்.

ஆனால் அந்த ஒரு வரியை வைத்துத்தான் நான் வெளியில் பிழைக்கிறேன். 2024 ஆகஸ்ட் 23 அன்று மாரி செல்வராஜின் 'வாழை'யும் பி.எஸ். வினோத்ராஜின் 'கொட்டுக்காளி'யும் ஒன்றாக வந்தன. 'வாழை' பார்த்தவர்கள் எல்லாரும் அழுதுவிட்டு வந்ததால் அதில் விவாதத்துக்கு வழியில்லை. 'கொட்டுக்காளி'யில்தான் சண்டை. பின்னணி இசை கிடையாது, முடிவும் முடிவாக இல்லை, ஆட்டோ போய்க்கொண்டே இருக்கிறது, சேவல் ஒன்று கூடவே வருகிறது. எனக்குப் பாதி புரியவில்லை. புரியாததை அறிவாளித்தனமாக எப்படிச் சொல்வது என்று யோசித்தபடி சாப்பிட உட்கார்ந்தேன். சட்னியை வைத்துக்கொண்டே அவள் சொன்னாள்: "படம் பூரா அந்தப் பொண்ணு வாயத் தொறக்கவே காணோம். அதுக்கே பேய் புடிச்சிருக்குன்னு வண்டி கட்டிக்கிட்டுக் கெளம்பிட்டானுக. வாயத் தொறந்து பேசியிருந்தா என்ன பண்ணியிருப்பானுக?"

அடுத்த நாள் ராஜபாளையம் டீக்கடையில் 'மௌனத்தின் அரசியல்' என்ற தலைப்பில் நான் அரை மணி நேரம் பேசினேன். வடை ஆறிப்போகும் அளவுக்கு எல்லாரும் கேட்டார்கள். ஒருவர் எழுந்து வந்து கை கொடுத்தார்.

டீக்கடையைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் கணக்கு எழுதுகிறவன். காலையில் எங்கள் ஊரில் பஸ் ஏறினால் மேற்கே மலை கூடவே வரும். இவ்வளவு அழகான மலையை இவ்வளவு அலட்சியமாக விட்டுவிட்டு முந்தின நாள் ரெண்டாம் ஆட்டத்தைப் பற்றிப் பேசிக்கொண்டு போகும் பயணிகள் வேறெங்கும் கிடையாது. கண்டக்டரும் டிக்கெட் கிழித்தபடியே "செகண்ட் ஆஃப் இழுவை" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போவார். ஆனால் பஸ் வெறும் கீழ்க்கோர்ட்டுதான். அப்பீல் பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கமுள்ள அந்தக் கடையில்.

அங்கே ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் நிரந்தர உறுப்பினர். எந்தப் புதுமையைச் சொன்னாலும் அதை 1954-க்குக் கொண்டுபோய் விட்டுவிடுவார். பாட்டு இல்லாத படமா? எஸ். பாலசந்தர் 'அந்த நாள்' எடுத்தாயிற்று. ஹீரோ கெட்டவனா? 'அந்த நாள்' சிவாஜி. ஆரம்பத்திலேயே ஹீரோவைக் கொன்றுவிடுகிறார்களா? அதுவும் 'அந்த நாள்'. ஒருமுறை கடைக்காரர் சுக்குக் காபி புதிதாகப் போட ஆரம்பித்தபோதுகூட அவர் வாயைத் திறந்தார். நாங்கள் கூட்டமாகக் கையமர்த்தினோம்.

அங்கேதான் அண்ணாச்சியைப் பிடித்தேன், அல்லது அவர் என்னைப் பிடித்தார். ராஜபாளையத்துக்காரர். கையில் எப்போதும் ஒரு மஞ்சள் பை. சத்திரப்பட்டிப் பக்கம் பேண்டேஜ் துணி வியாபாரமாக இருக்கலாம் என்பது என் ஊகம். 'மகாநதி'யை இரண்டாம் தடவை பார்க்க அவருக்குத் தெம்பு கிடையாது. இளையராஜா இல்லாத பாரதிராஜா படத்தை அவர் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. 'ஜானி' என்றால் குரல் இறங்கிவிடும். ஊர்ப்பற்று சற்று அதிகம். 'பரியேறும் பெருமாள்' பார்த்துவிட்டு எல்லாரும் அதில் வரும் கருப்பி என்ற நாய்க்காகக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தபோது இவருக்கு மட்டும் வேறு வருத்தம்: "2005-ல தபால்தலையிலயே ஏறின நாய் சார் நம்ம ராஜபாளையம் நாய். நாலே நாலு இனத்துக்குத்தான் அன்னைக்கு ஸ்டாம்பு போட்டான். சினிமாக்காரனுக்கு இது தெரிய வேணாமா?" வெள்ளை நாய்க்குக் கருப்பி என்று எப்படிப் பெயர் வைப்பது என்று கேட்டேன். ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. எங்கள் ஊர்ப் பால்கோவா கால் கிலோ வாங்கிக்கொண்டு போனேன். பையில் போட்டுக்கொண்டார், பேச்சு வந்துவிட்டது.

'மகாராஜா' (2024) எனக்குக் கெட்ட பெயர் வாங்கிக் கொடுத்தது. நித்திலன் அந்தக் கதையை முன்னும் பின்னுமாக வெட்டி அடுக்கியிருந்தார். பார்க்காதவருக்கு அதைச் சொல்வது ஒரு தனி வித்தை. நேராகச் சொன்னால் சஸ்பென்ஸ் போய்விடும், வளைத்துச் சொன்னால் கேட்கிறவர் போய்விடுவார். சலூன், குப்பைத் தொட்டி, போலீஸ் ஸ்டேஷன் என்று நான் வளைத்துக்கொண்டே போனதில், விஜய் சேதுபதியைத்தான் யாரோ குப்பைத் தொட்டிக்குள் போட்டுத் திருடிவிட்டார்கள் என்று ஒருவர் புரிந்துகொண்டு படத்துக்குப் போயிருக்கிறார். படம் பார்த்த பிறகும் நான் சொன்ன கதைதான் இதைவிட நன்றாக இருந்தது என்றார். இதைப் பாராட்டாக எடுத்துக்கொள்வதா என்று இன்னும் தெரியவில்லை.

எல்லாவற்றையும்விடப் பெரிய வழக்கு 'மெய்யழகன்'. 2024 செப்டம்பர் 27-இல் வெளியான அன்றே பார்த்துவிட்டேன். மூன்று மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. கார்த்தியும் அரவிந்த்சாமியும் விடிய விடியப் பேசுகிறார்கள். எனக்கு அது சொர்க்கம்; இரண்டு ஆண்பிள்ளைகள் ராத்திரி முழுக்கப் பேசுகிறார்கள், யாரும் வந்து "வெளக்க அணைங்க" என்று சொல்லவில்லை. அண்ணாச்சி அடுத்த வாரம் பார்த்தார். நான் ஒரு பேச்சை எடுத்து இது எப்பேர்ப்பட்ட இடம் என்று ஆரம்பித்தேன்.

"அப்படி ஒரு இடமே படத்துல இல்ல சார்."

"இருக்கு அண்ணாச்சி. நீங்க தூங்கியிருப்பீங்க."

"நானா? நீங்கதான் தூங்கிக் கனாக் கண்டிருக்கீங்க."

சொல் தடித்தது. தலைமையாசிரியர் 'அந்த நாள்' என்று எதற்கோ ஆரம்பித்தார், எடுபடவில்லை. ஒரே சம்பவத்தை ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்வதுதானே அந்தப் படமும், அன்றைக்கு மட்டும் அவர் சொன்னது பொருத்தமாக இருந்தது என்பதை நான் பிறகுதான் யோசித்தேன். ஐ.டி.ஐ. படிக்கிற பையன் ஒருவன் செல்லைத் தட்டிப் பார்த்துச் சொன்னான்: நீளம் என்று பேச்சு வந்ததால், வெளியான சில நாளிலேயே படத்தில் சுமார் 18 நிமிடத்தை வெட்டிவிட்டார்கள். நான் பார்த்தது வெட்டாதது, அவர் பார்த்தது வெட்டியது. இரண்டு பேரும் உத்தமர்கள். ஆனால் அவ்வளவு சூடாகப் பேசிவிட்டு இரண்டு பேருமே சரி என்று எழுந்து போவது எங்களுக்குக் கௌரவக் குறைச்சலாக இருந்தது. அந்த 18 நிமிடம் தேவையா இல்லையா என்று புதிதாக ஒன்றைத் தொடங்கினோம். பார்க்காத 18 நிமிடத்தைப் பற்றி அண்ணாச்சி என்னைவிட நன்றாகப் பேசினார். அன்றிலிருந்து கடைக்காரருக்கு என் பெயர் 'முழு நீளம்'. "முழு நீளத்துக்கு ஒரு டீ, சக்கரை கம்மி!"

அந்தப் படத்தில் அரவிந்த்சாமிக்கு, தன்னை விழுந்து விழுந்து உபசரிக்கிறவனின் பெயர் ஞாபகம் வராது. கேட்கவும் கூச்சம். கடைசிவரை தவிப்பார். இதை நான் வீட்டில் உருகிச் சொல்லிக்கொண்டிருந்தபோது மனைவி கேட்டாள்: "ஒங்க ராஜபாளையத்து அண்ணாச்சி பேரு என்ன?"

எனக்குத் தெரியவில்லை. செல்லில் 'ஜானி' என்று பதிந்திருக்கிறேன்.

போன மாதம் அண்ணாச்சி மஞ்சள் பையிலிருந்து ஒரு கல்யாணப் பத்திரிகையை எடுத்து நீட்டினார். "நம்ம வீட்டுக் கல்யாணம். குடும்பத்தோட வந்துரணும்." வாழ்த்திவிட்டு வாங்கிக்கொண்டேன். பஸ்ஸில் பிரித்துப் படித்தேன். பெண்ணின் அப்பா, பெரியப்பா, சித்தப்பா, தாய்மாமன்கள் என்று ஒரு பக்கம் முழுக்கப் பெயர்கள். இதில் எவர் நம் ஆள்? சித்தப்பாவாகவும் இருக்கலாம், மாமனாகவும் இருக்கலாம். இருபது வருஷமாகப் பழகிவிட்டு இதை எப்படிக் கேட்பது?

வீட்டில் மனைவி உறையைத் திருப்பிப் பார்த்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தாள். அதில் அழகான கையெழுத்தில் எழுதியிருந்தது: 'திரு. சினிமா சார் அவர்கள், குடும்பத்துடன், ஸ்ரீவில்லிபுத்தூர்.'

போகத்தான் வேண்டும் என்று முடிவாயிற்று. மொய்யில்தான் சிக்கல். என் சொந்தப் பெயரில் எழுதினால் யார் செய்ததென்று அவருக்குத் தெரியாது. நாளைக்கு மகன் கல்யாணத்துக்கு மொய் திரும்பி வர வேண்டாமா என்று நான் கவலைப்பட்டுக்கொண்டிருந்தபோது அவள் சேலையை எடுத்து வைத்தபடி சொன்னாள்:

"மொய் நோட்டுல 'முழு நீளம், ஸ்ரீவில்லிபுத்தூர்'னு எழுதச் சொல்லுங்க. தொகைய மட்டும் கொஞ்சம் வெட்டிக்கலாம்."