முளைகட்டுவோரும் வேளாண் குடியே

வேளாண்மை என்றதும் ஏர், மாடு, வரப்பு, வாய்க்கால் என்று போகிறது நம் எண்ணம். அடுப்பங்கரை மேடையில் ஈரத்துணி மூட்டைக்குள் கிடக்கும் பச்சைப்பயறுக்கும், பால்கனிக் கம்பியை ஒட்டிப் பிளாஸ்டிக் தட்டில் நிற்கும் கோதுமைப் புல்லுக்கும் அதில் இடம் கிடையாது. வருவாய்த்துறையும் இவற்றைக் கண்டுகொண்டதில்லை; சிட்டாவிலும் இல்லை, அடங்கலிலும் இல்லை. ஆனால் விதை, நீர், பருவம், பூச்சி, அறுவடை, நட்டம் ஆகிய ஆறும் கூடிய தொழில் எதுவோ அதுவே வேளாண்மை என்று கொண்டால் (இதைவிடச் சுருக்கமான வரையறை அகப்படவில்லை), வீட்டில் முளைகட்டுகிறவர்கள் அத்தனை பேரும் விவசாயிகள்தான். அதை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

விதையிலிருந்து தொடங்கலாம். சொத்தையைப் பொறுக்கி, மிதப்பதை வடித்து ஊற்றி, இரவு முழுக்க ஊறவைத்து, காலையில் அலசித் துணியில் கட்டுவதை வயலில் செய்தால் விதைநேர்த்தி என்பார்கள். சமையலறையில் செய்தால் பெயரே இல்லை. நீர் உள்ளே புகுந்ததும் விதைக்குள் நொதிகள் விழித்து மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கின்றன. பிறகு வெள்ளையாய் மூக்கை நீட்டுவது தளிர் அல்ல, வேர். சான்று விதையாக விற்பதற்குப் பச்சைப்பயறு 75 சதவீதமும் கோதுமை 85 சதவீதமும் முளைத்தாக வேண்டும் என்பது இந்திய அரசின் விதி. மளிகைக்கடைப் பயறு எந்தச் சான்றும் பெறாதது; அதன் முளைப்புத்திறனைச் சாப்பிடுகிறவரின் கடைவாய்ப் பல்தான் சோதித்துச் சொல்ல வேண்டும். ஒரு கிண்ணம் முளைப்பயறில் கல்லுப்பயறு ஒன்றிரண்டாவது ஒளிந்திருக்கும். தோல் கெட்டிப்பட்டு நீரை உள்ளே விடாத விதை அது. எல்லா விதையும் ஒரே மழைக்கு முளைத்து ஒரே வெயிலில் கருகிப் போகாதபடி செடி ஒதுக்கிவைத்த சேமநிதி என்று தாவரவியல் அதை மெச்சுகிறது. பல்லுக்கு அந்த நியாயம் எடுபடுவதில்லை.

பருவத்துக்கு வருவோம். ஆடிப்பட்டம் தேடி விதைத்தவர்களும் முப்போகம் விளைந்ததைப் பெருமையாகச் சொன்னவர்களும் நம் முன்னோர். கோதுமைக்கோ கதிர் முற்றக் குளிர் வேண்டும். தமிழகச் சமவெளி அதற்குத் தோதுப்படாது. புல்லோடு நிறுத்திக்கொண்டால் அந்தத் தடை விலகிவிடுகிறது. முளைகட்டிய சம்பா கோதுமையை ஓரங்குல மண்ணிலோ தென்னை நார்க்கழிவிலோ நெருக்கமாகப் பரப்பி, இரண்டு நாள் மூடிவைத்து, பிறகு வெளிச்சம் காட்டித் தண்ணீர் தெளித்தால், பத்து நாளுக்குள் ஏறக்குறைய ஒரு சாண் உயரம் வந்துவிடும். கத்தரிக்கோலால் அறுவடை. ஆண்டுக்கு 36 போகம்! தஞ்சாவூர்க்காரர் இதைக் கேட்டு வாயடைத்துப் போகலாம், அல்லது “இது வெறும் நாற்றங்கால், கதிர் காணாதது எப்படிப் பயிராகும்?” என்று மடக்கலாம். மடக்கினால் தென்மாவட்டத்து முளைப்பாரியைக் காட்டலாம். இருட்டறையில் ஓடுகளில் வளர்த்து, வெளிறிய மஞ்சளாய் நீண்டதும் தலையில் சுமந்து சென்று குளத்திலோ ஆற்றிலோ கரைத்துவிடுகிறார்கள். விதையின் முளைப்புத்திறனைச் சோதிக்க வந்த வழக்கம் அது என்பாரும் உண்டு. கல்யாணப் பாலிகைக்கும் அதே கதிதான். கதிர் பாராமலே கடமை முடிக்கும் பயிர்கள் நம் மரபில் இருக்கவே செய்கின்றன.

இதைவிடக் கடினமான ஆட்சேபம் ஒன்று உண்டு. கடையில் வாங்கியதைத் தண்ணீரில் நனைத்தால் அது உற்பத்தியாகுமா? ஆகும். உலர்ந்த பயறில் வைட்டமின் சி இல்லை என்றே சொல்லலாம். முளைத்த பயறில் இருக்கிறது. முதல் உலகப் போர்க்காலத்தில் மெசொப்பொத்தேமியாவில் இந்தியச் சிப்பாய்கள் ஈறு வீங்கும் ஸ்கர்வி நோயால் அவதிப்பட்டார்கள். அந்நாளில் லண்டன் லிஸ்டர் நிறுவனத்தில் ஹாரியட் சிக், மார்கரெட் ஹியூம் ஆகிய இருவரும் கினிப்பன்றிகளுக்குக் கொடுத்துப் பார்த்து, அந்நோயைத் தடுக்க முளைகட்டிய பருப்பு உதவும் என்று காட்டினார்கள். இல்லாத ஒன்று விளைந்திருக்கிறது, ஆகவே இது உற்பத்தி. எதிர்த்தரப்பு விடாது: முளை மூச்சு விடும்போது தன் சத்திலேயே கொஞ்சத்தை எரித்துவிடுகிறது, நீரை நீக்கி நிறுத்தால் போட்டதைவிட எடை குறைவு என்று தராசைத் தூக்கிக்கொண்டு வரும். உண்மைதான். உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குகூட மிஞ்சாது என்ற பழமொழி இதைத்தானே சொல்கிறது? போட்டது திரும்பாததை வைத்தே இது வேளாண்மை என்று முடிவு கட்டலாம். லாபம் வந்திருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும்.

பூச்சி, நோய் வகையில் குறையே இல்லை. கோதுமைத் தட்டில் விதைகளைச் சுற்றி வெள்ளைப் பஞ்சுபோல் ஏதோ படர்ந்ததும் பூஞ்சணம் என்று பதறித் தட்டோடு கொட்டுகிறவர்கள் உண்டு. தண்ணீர் தெளித்ததும் படிந்து மறைந்தால் அது வேர்த்தூவி; மறையாமல், முடைநாற்றமும் அடித்தால்தான் பூஞ்சணம். கண்ணுக்குத் தெரியாத பகை இதைவிட மோசம். 2011-இல் ஜெர்மனியில் வெந்தய முளை வழியே பரவிய ஈ.கோலை கிருமி ஐம்பதுக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது. முளைக்குப் பிடித்த அதே ஈரமும் கதகதப்பும் கிருமிக்கும் பிடிக்கும். கர்ப்பிணிகளும் குழந்தைகளும் முளைப்பயறை வேகவைத்துத்தான் சாப்பிட வேண்டும் என்பதில் கேலிக்கு இடமில்லை.

இனி கொள்முதல். 1930 வாக்கில் சார்லஸ் ஷ்னாபெல் என்ற அமெரிக்க வேளாண் வேதியியலாளர் இளந்தானியப் புல்லை முதலில் கொடுத்தது கோழிகளுக்கு. கோழிகள் மறுப்பேதும் சொல்லவில்லை. பின்னர் லிதுவேனியாவில் பிறந்து பாஸ்டனில் வாழ்ந்த ஆன் விக்மோர் அதன் சாற்றை மனிதர்களிடம் கொண்டுசேர்த்தார். சிக்கலும் அங்கேதான் தொடங்குகிறது. பச்சையமும் ரத்தச் சிவப்பணுவின் நிறமியும் அமைப்பில் ஒத்தவை, ஆகவே புல்சாறு ‘பச்சை ரத்தம்’ என்று விளம்பரம் செய்கிறார்கள். ஒன்றின் நடுவில் மக்னீசியம், மற்றதன் நடுவில் இரும்பு. குடித்த பச்சையத்தை நம் குடல் ரத்தமாக மாற்றித் தருவதில்லை. ஒரு கீரைக்கு உரிய மதிப்பைக் கொடுத்துவிட்டு நிறுத்திக்கொள்வதே நேர்மை. குடும்பத்தார் அந்த மதிப்பைக்கூடக் கொடுப்பதில்லை. மூக்கைப் பிடித்துக்கொண்டு முதல் வாரம் குடிப்பார்கள். இரண்டாம் வாரம் விளைச்சல் தேங்கும். விலை கிடைக்காமல் தக்காளியைச் சாலையில் கொட்டும் விவசாயியின் மனநிலை, புல்சாற்றை ரகசியமாகத் துளசித் தொட்டியில் ஊற்றுகிறவருக்கும் வாய்த்துவிடுகிறது.

எஞ்சியிருப்பது அரசின் அங்கீகாரம். 2016-இல் வந்த பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டம் அறிவிக்கை செய்யப்பட்ட பயிருக்கும் பகுதிக்கும் மட்டும்தான். சமையல் மேடை இதுவரை அறிவிக்கப்படவில்லை. ஜூலையில் தொடங்கும் பசலி ஆண்டின் அடங்கலில் 36 போகத்தை எழுத கிராம நிர்வாக அலுவலருக்குக் கட்டம் போதாது. பால்கனி வீட்டுக்காரர் பெயரில், தட்டு வாடகைக்காரர் பெயரில் என்பதால் குத்தகைச் சட்டமும் குறுக்கே வரும். பாசன உரிமைதான் எல்லாவற்றையும்விடச் சிக்கல். மேல்மாடித் தட்டிலிருந்து வடியும் நீர், கீழ்வீட்டில் காயப்போட்ட வெள்ளை வேட்டியில் போய்ச் சேருகிறது. கடைமடைக்குத் தண்ணீர் வந்துவிட்டது என்று புகார் எழும் ஆயக்கட்டு தமிழ்நாட்டில் இது ஒன்றாகத்தான் இருக்கும்.