திருடப்படாததால் தொலைந்தவை

1980-களின் வீட்டுக் கணினிகளுக்கான மென்பொருளைத் தேடிச் சேர்ப்பவர்களுக்குள் ஒரு பந்தி வரிசை உண்டு. முதல் பந்தியில் இலை போட்டு உட்கார வைக்கப்படுபவர் விளையாட்டு சேர்ப்பவர். கடைசிப் பந்தியில், ரசம் மட்டும் மிச்சமிருக்கும் நேரத்தில் வந்து சேர்பவர், பின்னக் கணக்கும் ஆங்கில எழுத்துக்கூட்டலும் சொல்லித்தரும் கேசட்டுகளைச் சேர்ப்பவர். மற்றவர்கள் அவரைப் பார்த்துச் சிரிப்பதில் நியாயம் இருக்கிறது. எந்தக் குழந்தையும் கேட்டு அழாத பொருளை, தலை நரைத்தபின் காசு கொடுத்து வாங்குகிறார். ஆனாலும் முதல் பந்திக்கு உரியவர் அவர்தான் என்பது என் கட்சி. விளையாட்டுகளைக் காப்பாற்ற இன்று புதிதாக ஆள் வேண்டியதில்லை. திருடர்கள் அந்த வேலையை எப்போதோ முடித்துவிட்டார்கள்.

இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் என்ற வீட்டுக் கணினிக்கான நிரல்கள் பாட்டுக் கேட்கும் அதே கேசட்டில்தான் வந்தன. இரட்டை டெக் வைத்திருந்த பையன் தெருவுக்கே பதிப்பாளன். ஆப்பிள் 2 கணினிக்கு ஃபிளாப்பி விற்றவர்கள் நகலெடுக்க முடியாதபடி பூட்டுப் போட்டார்கள். விடிய விடிய உட்கார்ந்து அதை உடைத்த பையன்கள், முகப்புத் திரையில் தங்கள் பட்டப்பெயரைப் பொறித்து ஊருக்கெல்லாம் வாரி வழங்கினார்கள். சட்டத்தின் கண்ணில் அது குற்றம். நூலகரின் கண்ணில் அது ஆயிரம் பிரதி. சரி, பின்னக் கணக்குப் பாடத்தின் பூட்டை உடைக்க எந்தப் பையன் கண்விழிப்பான்? பள்ளி ஒரே ஒரு ஃபிளாப்பி வாங்கி, அதைப் பீரோவில் வைத்துப் பூட்டியது. கணினி காயலான் கடைக்குப் போன அன்று அதுவும் கூடவே போனது. ஆப்பிள் 2 மென்பொருளின் பூட்டுகளை இன்று உடைத்து இணைய ஆவணக் காப்பகத்தில் சேர்க்கும் 4 ஏ.எம். என்ற புனைபெயர்க்காரர், அதிலும் கல்வி மென்பொருளைத் தேடிப் பிடிப்பதற்குக் காரணம் இதுதான். நல்ல பிள்ளைகள் யாரும் கைவைக்காததால் எஞ்சிப்போன வேலை அது.

‘விலை உயர்ந்த, அரசாங்கமே மதித்த படைப்பு என்றால் தானே பிழைத்துக்கொள்ளாதா?’ என்று கேட்கலாம். பிழைக்காது. இங்கிலாந்தை அளந்து எழுதிய டூம்ஸ்டே ஏட்டின் 900-ஆம் ஆண்டையொட்டி, 1986-ல் பிபிசி ஒரு புது டூம்ஸ்டே தயாரித்தது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள், பெரும்பாலும் பள்ளிக் குழந்தைகள், தங்கள் ஊரைப் பற்றி எழுதித் தந்தார்கள். எல்லாம் லேசர் வட்டில் ஏறியது. அந்த வட்டை நகலெடுக்க எந்தப் பையனிடமும் கருவி இல்லை. படிக்கும் கருவியோ பெரும்பாலான பள்ளிகளுக்கு எட்டாத விலை. 2002 வாக்கில் வேலைசெய்யும் கருவிக்கே பஞ்சம் வந்து, அந்த அமைப்பைப் புதிய கணினியில் போலச்செய்து மீட்க வேண்டியிருந்தது. 1086-ல் ஆட்டுத்தோலில் எழுதிய மூல ஏடு எந்த மின்சாரமும் கேட்காமல் லண்டனில் சௌக்கியமாக இருக்கிறது.

அடுத்த ஆட்சேபம் கூர்மையானது: அந்த மென்பொருள்கள் எதையாவது கற்றுத்தந்தனவா? தந்தன, எழுதியவர்கள் நினைத்ததை அல்ல. அமெரிக்காவின் மினசோட்டாவில் 1971-ல் டான் ராவிட்ச் என்ற பயிற்சி ஆசிரியர், வரலாற்று வகுப்புக்காக இரு நண்பர்களோடு ‘ஆரிகன் டிரெயில்’ எழுதினார். மேற்கு நோக்கி மாட்டுவண்டியில் போகும் குடியேறிகளின் கதை. வேட்டையாட வேண்டுமென்றால் ‘பேங்’ என்ற சொல்லை வேகமாகத் தட்டச்ச வேண்டும். பின்னாளில் ஆப்பிள் 2-ல் வந்த பதிப்பில் மாணவர்கள் மலை மலையாக எருமைகளைச் சுட்டுவிட்டு, அதில் 100 பவுண்டு இறைச்சியை மட்டும் சுமந்து திரும்பினார்கள்; தங்களுக்குப் பிடிக்காதவர்களின் பெயரை வண்டியில் இருந்தவர்களுக்கு வைத்து, அவர்கள் சீதபேதியில் சாவதை ரசித்தார்கள். இது வரலாற்றுக் கல்வியா என்று கேட்டால், வரலாறு நடந்த விதத்துக்கு அவ்வளவு தூரமில்லை என்பேன். இந்த நிரலும் தொலைந்திருக்க வேண்டியதே. பருவம் முடிந்ததும் ராவிட்ச் அதைக் கணினியிலிருந்து அழித்துவிட்டார். காகிதத்தில் அச்செடுத்து வைத்திருந்ததால், 1974-ல் மாநிலக் கல்விக் கணினி நிறுவனத்தில் சேர்ந்தபோது வரி வரியாக மறுபடி தட்டச்ச முடிந்தது.

‘கல்வி’ என்பதே பெற்றோரை மடக்கக் கண்டுபிடித்த சாக்குதானே என்பார்கள். ஆமாம், அதனால்தான் சேர்க்கச் சொல்கிறேன். பிரிட்டிஷ் அரசு பள்ளிக் கணினிக்குப் பாதி விலை கொடுத்தது அந்தச் சாக்கை நம்பித்தான். 1984-ல் இந்திய அரசு ‘கிளாஸ்’ திட்டத்தில் நம் பள்ளிகளுக்கு பிபிசி மைக்ரோ கணினிகளை அனுப்பியதும் அதே நம்பிக்கையில்தான். விளையாட்டு கேசட் குழந்தைகளின் ஆசையைச் சொல்லும். பாட கேசட், குழந்தைகள் எப்படி ஆவார்கள் என்று பெரியவர்கள் கண்ட கனவைச் சொல்லும். இரண்டில் எது அதிகக் கற்பனை என்பது வேறு கதை.

கடைசியாக, இதெல்லாம் வீண் செலவு என்ற குடும்பத்தார் வாதம். இதற்கு ஒரே பதில் மேட்டல் நிறுவனம். பார்பி பொம்மை விற்கும் மேட்டல், ‘ஆரிகன் டிரெயில்’ உள்ளிட்ட கல்வி மென்பொருள்களை வைத்திருந்த லேர்னிங் கம்பெனியை 1999-ல் சுமார் 350 கோடி டாலருக்கு வாங்கியது. மறு ஆண்டே, கையில் ரொக்கம் எதுவும் வாங்காமல், வருங்கால லாபத்தில் பங்கு என்ற பேச்சுக்கு அதைத் தள்ளிவிட்டது. அதோடு ஒப்பிட்டால், பழைய பெட்டியோடு ஒரு ஃபிளாப்பியை சில நூறு ரூபாய்க்கு வாங்கி வருபவர் சிக்கனக்காரர். அவரிடம் அந்த ஃபிளாப்பியாவது மிச்சம் இருக்கிறது.