பிடித்தால் விடாது

கெண்டைக்கால் சதைக்கு நேரங்காலம் தெரியாது என்பார்கள். நன்றாகவே தெரியும். பகல் முழுக்க ஆபீஸ் நாற்காலிக்கு அடியில் வெட்டியாகக் கிடந்த கால், ஊர் அடங்கி, நாமும் போர்வைக்குள் சுகமாகக் காலை நீட்டும் நேரம் பார்த்துத்தான் பிடிக்கும். சதை உருண்டு திரண்டு கல்லாகிவிடும். கால்விரல்கள் திசைக்கொன்றாகத் திரும்பிக்கொள்ளும். வாயில் வருவது எந்த மொழி என்று பக்கத்தில் படுத்திருப்பவராலும் சொல்ல முடியாது.

வலி எனக்கு. அதற்குப் பெயர் வைக்கிற உரிமை வீட்டில் எல்லாருக்கும். அம்மா அடுத்த அறையிலிருந்து, லைட்டைக்கூடப் போடாமல், "வாயுதான். ராத்திரியில உருளைக்கிழங்கு வேணாம்னு சொன்னா யார் கேக்குறா?" என்பார். நரம்பு சுண்டி இழுக்கிறது என்பது மனைவியின் கட்சி. கல்லூரிக்குப் போகும் மகள் கண்ணைத் திறக்காமலே, "மக்னீசியம் கம்மியா இருக்கும்ப்பா" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்வாள். காலையில் மாடிப்படியில் நான் நொண்டுவதைப் பார்க்கும் கீழ்வீட்டுக்காரர், சுளுக்கு என்று ஒரே வார்த்தையில் தீர்ப்பு எழுதி, ஆளும் சொல்வார். அந்த ஆள் பிறக்கும்போது கால் முன்னால் வெளியே வந்தவராம். அவர் காலால் நீவிவிட்டால் எப்பேர்ப்பட்ட சுளுக்கும் ஓடிவிடுமாம். தலையை முன்னால் விட்டுப் பிறந்த எம்.பி.பி.எஸ். படித்தவர்களுக்கு இந்தத் தகுதி எங்கே வரப்போகிறது?

பெயர் எதுவானாலும் அந்த நேரத்துக்குச் செய்யவேண்டியது ஒன்றுதான். முழங்காலை மடக்காமல், பாதத்தின் நுனியைப் பிடித்து நம் பக்கமாக இழுக்கவேண்டும். சுலபம்தான். நடுவில் தொப்பை குறுக்கே நிற்கிறது, அவ்வளவுதான்.

சதை சுருங்குவதற்கு மட்டும்தான் சக்தி வேண்டும் என்று நினைத்திருந்தேன். விட்டுக்கொடுக்கவும் வேண்டுமாம். சதைக்குள் இருக்கும் இழைகள் ஒன்றையொன்று பற்றி இழுக்கின்றன. பற்றிய பிடியை விடுவதற்கு ஏ.டி.பி. என்கிற சக்திப் பொருள் வந்து ஒட்டியாகவேண்டும். அது தீர்ந்துபோனால் பிடித்தது பிடித்தபடியே நிற்கும். செத்தவர் உடம்பு விறைத்துப்போவது இதனால்தான். ஆக, தளர்வாகக் கிடப்பதற்கும் உடம்பில் தெம்பு வேண்டும். இதை ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், சோபாவில் கிடந்தபடி மனைவிக்கு விளக்கினேன். அறிவியலுக்கு நம் வீடுகளில் மரியாதை கிடையாது.

வைத்தியம் என்று பார்த்தால், ஒருகாலத்தில் மலேரியாவுக்கான கொய்னாவையே கால் பிடிப்புக்கும் விழுங்கினார்கள். 2006-ல் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை, ஆபத்து, வேண்டாம் என்று எச்சரித்தது. அதே அமெரிக்காவில் 2010-ல் வெளிவந்த ஓர் ஆய்வுதான் எனக்குப் பிடித்தது. ஆரோக்கியமான ஆட்களைக் கூட்டிவந்து, கணுக்கால் நரம்பில் மின்சாரம் பாய்ச்சி வேண்டுமென்றே பிடிக்கவைத்தார்கள். பிறகு சிலமுறை தண்ணீரும், சிலமுறை வெள்ளரிக்காய் ஊறிய உப்பு வினிகரும் குடிக்கக் கொடுத்தார்கள். ஊறுகாய்த் தண்ணீர் குடித்தபோது, வெறும் தண்ணீரைவிட சராசரி 49 விநாடி முன்னதாகவே பிடிப்பு விட்டது. அவ்வளவு சீக்கிரத்தில் அது ரத்தத்தில் கலக்கவே முடியாது. தொண்டையில் சுரீரென்று பட்ட புளிப்பு, நரம்பு வழியாகவே சதைக்குச் சேதி அனுப்பியிருக்கும் என்பது அவர்கள் ஊகம்.

ரோடரிக் மெக்கின்னன் என்று ஒரு விஞ்ஞானி. செல்களுக்குள் உப்புகள் போய்வரும் வாசல்களை ஆராய்ந்து 2003-ல் வேதியியல் நோபல் பரிசு வாங்கியவர். கடலில் கயாக் ஓட்டும்போது சதை பிடித்து அவதிப்பட்டாராம். ஆராய்ச்சியில் இறங்கினார். கடைசியில் அவர் கண்டுபிடித்த பானத்தில் இஞ்சி, பட்டை, மிளகாயின் காரம் எல்லாம் இருந்தன. அம்மாவிடம் சொன்னேன். "சுக்குக் கஷாயத்துக்கா பரிசு குடுத்தாங்க?" என்று கேட்டார். பரிசு வேறு விஷயத்துக்கு என்று நான் எவ்வளவு சொல்லியும் ஏற்கவில்லை. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் கஷாயம் குடிக்க மறுப்பது நோபல் கமிட்டியை அவமதிக்கும் குற்றம்.

விக்கலும் இந்தச் சாதிதான். நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே இருக்கும் உதரவிதானம் வெடுக்கென்று சுருங்குவது. அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் சார்லஸ் ஆஸ்போர்ன் என்பவருக்கு 1922-ல், ஒரு பன்றியை எடைபோடத் தூக்க முயன்றபோது தொடங்கிய விக்கல், 1990-ல்தான் நின்றது. 68 வருஷம். விக்கினால் யாரோ நினைக்கிறார்கள் என்பது நம் கணக்கு. ஒரு மனிதரை 68 வருஷம் விடாமல் யார் நினைத்திருப்பார்கள்? எனக்கு அந்தப் பன்றி மேல்தான் சந்தேகம்.

இதெல்லாம் சதையோடு போகிறது. எனக்கு இன்னொன்றும் வரும்: வேலை செய்யும் வெறி. முன்னறிவிப்பு கிடையாது. காபியைக் குடித்துக்கொண்டே அண்ணாந்து பார்ப்பேன், பரண் கண்ணில் படும், அவ்வளவுதான். ஸ்டூல் வரும், லுங்கி மடிந்து ஏறும். கைப்பிடி உடைந்த மிக்ஸி ஜார், பித்தளை அண்டா, கொலுப் பொம்மைப் பெட்டி, எதற்கென்றே தெரியாத ஒயர்ச் சுருள்கள், செத்துப்போன டிவியின் உயிரோடிருக்கும் வாரன்டி கார்டு என்று சகலமும் ஹாலுக்கு இறங்கும். கடைசிப் பெட்டி தரையைத் தொட்டதும் வந்த வேகம் வந்த வழியே போய்விடும். பிறகு வீட்டார் அண்டாவைத் தாண்டித்தான் அடுப்படிக்குப் போகவேண்டும்.

எனக்கு மட்டுமா? அமைச்சர் வருகிறார் என்றால் எங்கள் தெருவுக்கே வரும். குழிகள் ராவோடு ராவாக மூடும், வேகத்தடை காணாமல்போகும், இருபுறமும் பிளீச்சிங் பவுடரில் கோடு விழும். அவர் கார் முக்குத் திரும்பியதும் விட்டுவிடும்.

போனமுறை ஹாலில் நின்று மனைவி சொன்னாள்: "உங்களுக்குக் கால் பிடிச்சா நீங்க மட்டும்தான் கத்துவீங்க." மகள் என் பக்கம் பேசுவதுபோல ஆரம்பித்தாள். நாய், பூனைக்கெல்லாம்கூட இப்படித் திடீர் வேகம் வரும், குறுக்கும் நெடுக்குமாக ஓடும் என்றாள். "ஆனா அதுங்க பரண்ல இருக்கிறதை இறக்காதுப்பா."

அப்போதுதான் போன் வந்தது. மனைவியின் சித்தப்பா குடும்பத்தோடு பக்கத்துத் தெருவரை வந்துவிட்டாராம். எனக்கு விட்டுப்போனது மொத்த வீட்டையும் பிடித்துக்கொண்டது. அம்மா பொம்மைப் பெட்டியைத் தூக்கினார். இடுப்பு வலிக்காரர் என்று யாரும் நம்பமாட்டார்கள். எல்லாவற்றையும் படுக்கையறைக்குள் தள்ளிச் சாத்தினோம்.

"வீட்டை எவ்வளவு துப்புரவா வச்சிருக்கீங்க மாப்ளே" என்றார் சித்தப்பா, ஹாலைச் சுற்றிப் பார்த்து. "உள்ளே எத்தனை ரூமு?" என்றபடி எழுந்தார். அம்மா கதவில் முதுகைச் சாய்த்துக்கொண்டு, "முதல்ல கஷாயம் குடிங்க" என்றார்.