இட்லி ஏன் கல்லானது? ரெம்பாவ் அடுப்படிகளில் காரண காரியம் குறித்து ஓர் ஆய்வு

ரெம்பாவ் வட்டாரத்தில், பெடாஸ், செம்போங் பக்கத்துத் தோட்டங்களில் பால்மரம் போய்ச் செம்பனை வந்துவிட்டது. லயத்துக்காரர்களில் பலர் தாமான் வீடுகளுக்குக் குடிபோய்விட்டார்கள். மாறாமல் நிற்பது ஒரு வழக்கம்தான். ஞாயிற்றுக்கிழமை பசியாற வைத்த இட்லி கல்லாகிப்போனால் காரணம் சொல்ல அடுப்படியில் குறைந்தது நான்கு பேர் இருப்பார்கள். ஆய்வு வசதிக்காக இவர்களைக் கைராசிக் கொள்கையினர், உளுந்துக் கொள்கையினர், மழைக் கொள்கையினர், கண்ணேறுக் கொள்கையினர் எனப் பகுக்கலாம். முதல் கட்சி மாவைக் கரைத்தது யார் கை என்று கேட்கும். இரண்டாவது, கடைக்காரரைச் சந்தேகிக்கும். மூன்றாவதற்கு நெகிரி செம்பிலானில் வருடம் முழுதும் சான்று பொழிந்துகொண்டே இருக்கிறது. நான்காவது, மற்ற மூன்றும் ஓய்ந்த பிறகு வாயைத் திறக்கும். இக்கொள்கைகளின் பெருங்குறை, இவற்றில் ஒன்றுகூட இதுவரை தோற்றதில்லை என்பதே. இட்லி பூவாக வந்தால் அத்தையின் கைராசி. கல்லானால் அன்றைக்கு அத்தைக்கு மனசு சரியில்லை. எது நடந்தாலும் பொருந்துகிற கொள்கையைக் கொண்டு நாளைய இட்லியைப் பற்றி ஒரு சொல்கூட முன்கூட்டிச் சொல்ல முடியாது. அடுத்த வாரம் உளுந்தை மாற்றி, ஒரு பிடி வெந்தயம் சேர்த்து, கூடுதலாக இரண்டு மணி நேரம் ஊறவைத்து, மாவைக் கரைக்க வேறு கையையும் அழைப்பார்கள். இட்லி மெத்தென்று வரும். நான்கு கட்சியும் வெற்றி விழாக் கொண்டாடும்.

இட்லியோடு நிற்கிற சச்சரவு என்றால் விட்டுவிடலாம். இதே மாநிலத்தில், இதே அரிசியை நடுவில் வைத்துக்கொண்டு, இதே மாதிரிக் கட்சிகள் நின்று வாதாடிய காலம் ஒன்று இருந்தது. அப்போது ஆட்கள் செத்துக்கொண்டிருந்தார்கள். பெரிபெரி என்ற நோய் காலை மரக்கச் செய்யும், வீங்கச் செய்யும், கடைசியில் இதயத்தை நிறுத்தும். தொற்று என்றது ஒரு கட்சி. கட்டடத்தில் குடியிருக்கும் விஷம் என்றது இன்னொன்று. ஈர நிலம் என்றார்கள், சாப்பாடு என்றார்கள். நெகிரி செம்பிலானின் தலைமை மருத்துவர் லியோனார்ட் பிராடன் அரிசிக் கட்சிக்காரர். 1907-இல் இதற்கென்றே ஒரு தடித்த புத்தகம் எழுதினார். அவர் கண்டது இது: ஆலையில் தீட்டிய பச்சரிசியைத் தின்ற சீனத் தொழிலாளர்களை நோய் வாரிக்கொண்டு போனது, தன் வயல் நெல்லை அவ்வப்போது குத்திச் சமைத்த மலாய்க்காரரை நெருங்கவில்லை, புழுங்கலரிசியை விடாத தோட்டத்துத் தமிழனையும் அநேகமாகத் தொடவில்லை. பால்மரம் சீவப் போனவனின் தட்டில் கிடந்த சோறு மருத்துவ நூலில் இடம்பிடித்தது இப்படித்தான்.

ஆனால் பிராடன் கையில் இருந்தது சான்றுதான், சோதனை இல்லை. எதிர்க்கட்சி கேட்கக்கூடிய கேள்வி எளிது. தமிழனும் சீனனும் அரிசியில் மட்டுமா வேறுபட்டார்கள்? ஒருவன் தோட்டத்தில், மற்றவன் ஈயச் சுரங்கத்தில். குடியிருந்த இடம் வேறு, கறி வேறு, வந்த ஊர் வேறு. தமிழனைக் காத்தது புழுங்கலா, ரசமா, அல்லது தமிழேதானா? கடைசிக் கட்சிக்கு இன்றும் ஆள் உண்டு. கூட நடந்த பத்து விஷயங்களில் ஒன்றைப் பிடித்து இதுதான் காரணம் என்பது, வெந்தயமும் புதுக் கையும் ஒன்றாக வந்த ஞாயிற்றுக்கிழமையை வைத்துக் கைராசிக்கு மாலை போடுவது போன்றது. பிராடனின் ஊகம் பாதி சரியாகிப்போனது என்பது அவருடைய அதிர்ஷ்டம்.

அந்த ஊகம் தடித்த புத்தகமாகும் முன்பே அதைச் சந்தேகத்தோடு அணுகியவர் வில்லியம் பிளெட்சர் என்ற மருத்துவர். கோலாலம்பூர் மனநலக் காப்பகத்தில் 1905-இன் கடைசியில் தொடங்கி 1906 முழுதும் அவர் செய்த காரியம், வரிசையில் நின்றவர்களை ஒன்று, இரண்டு என்று எண்ணியது. ஒற்றைப்படை ஆளுக்கு ஒரு கூடம், பச்சரிசி. இரட்டைப்படை ஆளுக்கு எதிர்க்கூடம், புழுங்கலரிசி. இதில் என்ன அறிவியல் இருக்கிறது என்று கேட்பவர்கள் அந்த எண்ணிக்கையைத்தான் உற்றுப் பார்க்க வேண்டும். திடமானவனைப் பொறுக்கித் தனக்குப் பிடித்த பக்கம் சேர்க்கிற வேலை அதில் மருத்துவருக்கே இல்லாமல் போகிறது. கட்டடக் கட்சியையும் அவர் மறக்கவில்லை. ஆண்டின் நடுவில் இரு கூட்டத்தாரையும் கூடம் மாற்றினார்; அரிசியை மாற்றவில்லை. விஷம் சுவரில் இருந்தால் நோய் சுவரோடு நின்றிருக்கும். அது அரிசியோடு நடந்துபோனது. பச்சரிசி உண்டவர்களில் 18 பேர் பெரிபெரியில் இறந்தார்கள். எதிர்ப்பக்கம் அந்த நோயால் ஒருவரும் இறக்கவில்லை. தட்டில் என்ன விழுகிறது என்பதைப் பற்றிச் சம்மதம் சொல்லும் நிலையில் அவர்கள் இருக்கவில்லை என்பதையும் இதே மூச்சில் சொல்லியாக வேண்டும். இன்றைக்கு எந்த நெறிமுறைக் குழுவும் இதற்குக் கையெழுத்துப் போடாது.

அடுத்த கட்டம் நெகிரி செம்பிலானுக்கே வந்தது. கோலாலம்பூர் மருத்துவ ஆய்வு நிலையத்தைச் சேர்ந்த ஹென்றி பிரேசரும் தாமஸ் ஸ்டாண்டனும் 1907-இல் ஜெலுபு காட்டுக்குள், டூரியான் திப்புஸ் என்ற இடத்தில், சாலை போட வந்த சுமார் 300 ஜாவானியரை இரண்டாகப் பிரித்தார்கள். வேலை ஒன்று, காடு ஒன்று, ஆட்களும் ஒரே நாட்டார். அரிசி மட்டும் வேறு. சில மாதங்களில் பச்சரிசிப் பக்கம் நோய் கண்டது. பின் அரிசியை மாற்றினார்கள். நோயும் பக்கம் மாறியது. பிராடனின் கணக்கில் சிக்கலாக நின்ற தமிழன் இந்தச் சோதனையில் இல்லவே இல்லை. சோதனையின் அழகே அதுதான். தமிழனை எடுத்துவிட்டு அவன் அரிசியை மட்டும் வைத்துப் பார்த்தார்கள்.

இந்த இடத்தில் ஒரு மறுப்பு எழும். எழாமல் இருந்தால்தான் ஆச்சரியம். ‘நம் முன்னோர்கள் இதையெல்லாம் எப்போதோ அறிந்துதான் புழுங்கலைத் தின்றார்கள்.’ நெல்லை ஊறவைத்து அவித்தால் தவிட்டில் உள்ள சத்து உள்ளே இறங்கிவிடுகிறது, பிறகு தீட்டினாலும் முழுக்கப் போவதில்லை என்பது உண்மை. ஆனால் அவித்த நெல் குத்தும்போது நொறுங்காது, பூச்சி அதிகம் அண்டாது. வழக்கம் நிலைக்க இவையே போதும். காரணம் தெரிந்தே செய்தார்கள் என்றால் பொங்கலுக்கும் படையலுக்கும் மட்டும் பச்சரிசியைப் பொறுக்கி எடுத்திருக்க மாட்டார்கள். சாமிக்குப் பெரிபெரி வந்ததாகத் தகவல் இல்லை என்பது வாஸ்தவம். அளவு குறைவு, நாளும் குறைவு. முன்னோருக்குப் பலன் கிடைத்தது, அதைக் குறைத்துச் சொல்ல ஒன்றுமில்லை. பலன் வேறு, விடை வேறு. பிராடனே இதற்குச் சாட்சி. நாள்பட்ட பச்சரிசியில் ஒரு நஞ்சு இருப்பதாகத்தான் அவர் தம் புத்தகத்தில் வாதாடினார். அரிசியில் ஒன்று கூடியதால் வந்த நோய் என்று அவர் நினைத்தார். ஒன்று குறைந்ததால் வந்தது என்பது பிறகு தெளிந்தது. சரியான அரிசியைத் தவறான காரணத்துக்காகப் பரிந்துரைப்பது அத்தைகளுக்கு மட்டும் வாய்த்த கலை அல்ல.

இன்னொரு மறுப்பு, அடுப்படி ஆய்வகம் ஆகாது என்பது. ஆனால் இந்த நோயின் பெரிய துப்பு ஒன்று அடுப்படியில்தான் கிடைத்தது. படேவியாவில், அதாவது இன்றைய ஜகார்த்தாவில், கிறிஸ்டியான் எய்க்மன் என்ற டச்சு மருத்துவர் வளர்த்த கோழிகள் காலிழுத்துச் சுருண்டன. பின் தாமாகத் தேறின. விசாரித்தபோது, ராணுவ மருத்துவமனைச் சமையலறையின் தீட்டிய சோறு இடையில் கோழிகளுக்குப் போய்க்கொண்டிருந்ததும், புதிதாக வந்த சமையல்காரர், ராணுவச் சோற்றைச் சாதாரணக் கோழிக்குப் போட முடியாது என்று நிறுத்தியதும் தெரியவந்தது. 1929-இன் நோபல் பரிசில் எய்க்மனுக்குப் பங்கு கிடைத்தது, சமையல்காரருக்குக் கிடைக்கவில்லை. அது நியாயம்தான் என்பது இக்கட்டுரையின் கட்சி, ஏனென்றால் அவர் ஒரு பங்குக் கோழிகளுக்குப் பழைய சோற்றையே தொடர்ந்து போட்டிருக்க வேண்டும்.

ஆகவே இட்லிக்கு வருவோம். உளுந்தோடு வரும் லியூக்கோநாஸ்டாக் என்ற நுண்ணுயிர் விடும் வாயுதான் மாவைப் பொங்க வைக்கிறது என்று ஆய்வகங்கள் சொல்லிவிட்டன. அதனால் அத்தையின் கை நிரபராதி என்று ஆகிவிடாது. கைக்கு ஒரு நியாயமான விசாரணை வேண்டும். ஒரே உளுந்து, ஒரே புழுங்கல், ஒரே ஆட்டு. மாவைச் சரிபாதியாக இரண்டு சட்டியில் பிரித்து, ஒன்றை அத்தை கையால் கரைக்க வேண்டும், மற்றதைக் கரண்டியால். எந்தச் சட்டி யாருக்கு என்பதைக் காசு சுண்டித் தீர்மானிக்க வேண்டும், அத்தை அல்ல. இரண்டும் ஒரே அலமாரியில் ஒரே இரவு. வாரம் ஒரு முறை என்று பல வாரம். நடுவில் சட்டிகளை மாற்றிக்கொள்ள வேண்டும், பிளெட்சர் கூடம் மாற்றியது போல. பசியாறவா உட்கார்ந்தோம், பரீட்சை எழுதவா என்று வீட்டார் கேட்பார்கள். இரண்டு சட்டியும் எப்படியும் வயிற்றுக்குத்தான் போகின்றன என்பதால் செலவு ஏறாது. உண்மையான இடைஞ்சல் தீர்ப்பு சொல்பவர் விஷயத்தில் வரும். அத்தையின் இட்லி எது என்று தெரிந்துகொண்டு அதைக் கல் என்று சொல்லக்கூடிய மனிதர் ரெம்பாவிலிருந்து சிரம்பான் வரை தேடினாலும் அகப்படமாட்டார். அதனால் எது எந்தச் சட்டி என்பது காசு சுண்டியவருக்கு மட்டும் தெரிந்திருக்க வேண்டும். உயரத்தைப் பள்ளிக்கூடப் பிள்ளை ஒன்று அடிக்கோலால் அளக்க வேண்டும். அளந்து முடியும்வரை சட்னி மேசைக்கு வரக்கூடாது. பூண்டுச் சட்னி இருந்தால் கல்லும் இறங்கிவிடும்.