மூடிய கதவின் பெருமை

ரகசியம் காப்பதில் குடும்ப நீதிமன்றத்தை மிஞ்ச மதுரைச் சீமையில் ஆளில்லை. தரப்பினரில் ஒருவர் கேட்டாலே போதும், கதவைச் சாத்திக்கொண்டுதான் விசாரிக்க வேண்டும் என்கிறது 1984-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 11-ஆவது பிரிவு. சாத்துகிற நேர்த்தியே நேர்த்தி! அதற்கு முன்னால் டவாலி வெளியே வந்து, புருஷன் பெயரையும் பெண்டாட்டி பெயரையும் மரத்தடிவரை கேட்கும்படி மூன்று தரம் கூவிவிடுகிறார். யார் வீட்டு ரகசியம் என்று தெரிந்தால்தானே ஊர் அதைக் காப்பாற்றும்?

மேலூரிலும் உசிலம்பட்டியிலும் இருக்கிற சொந்தக்காரர்கள் பஸ் ஏறி வந்து அலைய வேண்டாம். வழக்குப் பட்டியல் செல்போனிலேயே வருகிறது. ஒத்தக்கடை உயர் நீதிமன்றக் கிளை 2024 பிப்ரவரியில், விடுதலையான ஒருவரின் பெயரைத் தீர்ப்பிலிருந்து மறைக்கச் சொல்லி இந்த நல்ல வழக்கத்துக்கே உலை வைக்கப் பார்த்தது. நல்லவேளை, ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதை நிறுத்திவைத்தது. மூடிய அறை விவரத்தை அச்சிடுகிறவருக்கு இந்து திருமணச் சட்டம் 1000 ரூபாய் வரை அபராதம் வைத்திருக்கிறது. தங்கம் எங்கே போனாலும் இந்தப் பாவத்தின் விலையை மட்டும் ஏற்றாத கருணையை என்னவென்று சொல்ல!

பிள்ளையைப் பார்க்கும் நாள் இன்னும் விசேஷம். வராந்தா பெஞ்சில் ஒரு முனையில் அப்பா, மறுமுனையில் அம்மா, நடுவில் கையில் ஜிகர்தண்டாவோடு பிள்ளை. இரண்டு குமாஸ்தாக்கள், வேறு வாய்தாவுக்கு வந்தவர்கள், டீ கொண்டுவருகிற பையன் என்று அத்தனை பேரும் சம்பளமில்லாமல் மேற்பார்வை பார்க்கிறார்கள். கலிபோர்னியாவில் இதற்கு 5.20 என்று ஒரு நெறி வைத்துக்கொண்டு திண்டாடுகிறார்கள். கண்காணிப்பவர் பயிற்சி பெற்றிருக்க வேண்டுமாம். யார் வந்தார், என்ன நடந்தது என்று ஒவ்வொரு சந்திப்புக்கும் குறிப்பு எழுத வேண்டுமாம். எழுதியதை வெளியே விடாமல் காக்கவும் வேண்டுமாம். இவ்வளவு பாடு எதற்கு? நம் முறையில் குறிப்பே எழுதுவதில்லை. எழுதாத குறிப்பு எந்தக் காலத்தில் கசிந்தது?

எழுதுகிற ஒரே ஆள் கவுன்சலர். "அப்பாகூட இருக்கப் பயமா இருக்கு" என்று பிள்ளை அவர் காதோடு சொல்லும். குழந்தையின் பொறுப்பு யாருக்கு என்று முடிவுசெய்ய நீதிபதிக்கு அது தேவை. அதனால்தான் 2019 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், இத்தகைய அறிக்கைக்குச் சமரசப் பேச்சின் ரகசியம் பொருந்தாது என்றது. நீதிபதி படிப்பதோடு நின்றால் பிள்ளையின் வாக்குக்கு என்ன மரியாதை? ஆகவே அது எதிர்மனுவில் ஒரு பத்தியாக ஏறுகிறது, சித்தப்பா வாட்ஸ்அப்பில் போகிறது, அடுத்த சனிக்கிழமை அப்பாவே பிள்ளையிடம், "என்னைப் பத்தி என்ன சொன்னே?" என்று அன்பாக விசாரிக்கிறார்.

இதை வைத்துக் கட்டுப்பாடே இல்லை என்று சொல்லிவிடாதீர்கள். பெற்ற தாய் அதே அறிக்கைக்கு நகல் கேட்டுப் பார்க்கட்டும். மனு, ஸ்டாம்பு, அடுத்த வாரம், அதற்கடுத்த வாரம். கடைசியில், "அதெல்லாம் காட்டக் கூடாதும்மா, ரகசியம்" என்று கறாராகச் சொல்லிவிடுவார்கள்.

வெளியே வந்தால் ஜெராக்ஸ் கடைக்காரத் தம்பி நிமிர்ந்து பார்க்கிறான்.

"பிள்ளை கேஸுதானக்கா? எத்தனை செட்டு வேணும்?"